கை நின்ற இடத்திலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களை அடுக்கியபோது ஒன்று புலப்பட்டது. கேள்வி குரோஷாவைப் பற்றி இருந்தாலும் புத்தக அலமாரியைப் பற்றி இருந்தாலும், அதற்குப் பின்னால் வீட்டில் ஒருவர் இல்லாமல் போயிருக்கிறார். கேட்டதற்குச் சரியான பதில் சொல்வதுதான் இவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை.

அம்மா குரோஷாவில் ஒரு மேஜை விரிப்பைப் பாதி பின்னி வைத்திருந்தார். ஊசி அதிலேயே இருக்கிறது. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கும் ஓரளவு பின்னத் தெரியும். நான் முடிக்கப் போய் அம்மாவின் வேலையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். – வாசகி, மயிலாப்பூர்

முதலில் ஊசியை எடுங்கள். கடற்காற்றில் எட்டு மாதம் ஒரே இடத்தில் கிடக்கும் ஊசியின் பூச்சு லேசாகத் தேய்ந்திருந்தாலும் துரு நூலில் ஏறிவிடும். ஆனால் சும்மா உருவக் கூடாது. குரோஷாவில் முழு விரிப்பும் கடைசி ஒரு கண்ணியை நம்பித்தான் நிற்கிறது. நூல் எங்காவது மாட்டி இழுபட்டால் வரிசை வரிசையாகப் பிரிந்துவிடும். அந்தக் கண்ணியில் துருப்பிடிக்காத சேஃப்டி பின் ஒன்றை மாட்டிப் பூட்டிவிட்டு ஊசியை உருவுங்கள். ஊசியின் தண்டில் அளவு எண் பொறித்திருக்கும், எழுதி வையுங்கள்.

அடுத்து அம்மாவின் கையை அளக்க வேண்டும். விரிப்பில் மூன்று வெவ்வேறு இடங்களில் ஸ்கேலை வைத்து, 5 சென்டிமீட்டருக்கு எத்தனை பின்னல் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரே இடத்தில் எண்ணினால் போதாது. ஒருவர் கையே காலையில் ஒரு மாதிரியும் களைத்த மாலையில் வேறு மாதிரியும் இருக்கும். பிறகு அதே ஊசி, அதே நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, ஓரத்தை விட்டு நடுவில் 5 சென்டிமீட்டருக்கு எண்ணுங்கள். அம்மாவுக்கு 20 வந்த இடத்தில் உங்களுக்கு 17 வந்தால் உங்கள் கை தளர்வு. ஒரு அளவு சிறிய ஊசிக்குப் போங்கள். 23 வந்தால் இறுக்கம். ஒரு அளவு பெரியது. ‘இழுத்துப் பிடித்துப் பின்னிச் சமாளிக்கலாம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். நாலு வரிசை தாண்டியதும் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும், விரிப்பு அந்த இடத்தில் அகலும்.

நூல் லேபிளில் 20, 40 என்று இருக்கும். எண் கூடக்கூட நூல் மெலிசு. நம்பர் சரியாக இருந்தாலும் நிறம் ஏமாற்றும். அம்மாவின் வெள்ளை இப்போது பழுப்பேறியிருக்கும், புது வெள்ளை அதன் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். விரிப்பையே கடைக்கு எடுத்துப்போய் வாசல் வெளிச்சத்தில் ஹாஃப் ஒயிட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

அவர் பழைய புத்தகம் பார்த்துப் பின்னியிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். அமெரிக்க முறையில் ‘சிங்கிள் குரோஷே’ என்பதை பிரிட்டிஷ் முறை ‘டபுள் குரோஷே’ என்கிறது. அமெரிக்க ‘டபுள்’ பிரிட்டிஷில் ‘ட்ரெபிள்’. நீங்கள் யூடியூபில் கற்றிருந்தால் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான் தெரிந்திருக்கும். பெயரை நம்பாமல், பின்னி முடித்த வரிசையின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புது நூலை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். துவைக்கும்போது முடிச்சு வெளியே துருத்தும். இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் விட்டு, ஊசியால் எதிரெதிர்த் திசையில் பின்னலுக்குள் ஓட்டிவிடுங்கள். உங்கள் முதல் பின்னலின் அடிப்பக்கத்தில் ஒரு வண்ண இழையைக் கோர்த்து வையுங்கள். அம்மா விட்ட இடமும் நீங்கள் தொட்ட இடமும் தெரிந்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்று ஊசி மாற்றியும் கணக்கு ஒட்டவில்லை என்றால் தொடர வேண்டாம். அவர் நிறுத்திய வரிசையைச் சுற்றி ஒரே ஒரு கரை பின்னி முடித்துவிடுங்கள். மேஜை முழுவதும் மூடாது. ஆனால் அது முழுக்க அவர் அளவில் இருக்கும்.

பாட்டியின் சமையல் நோட்டில் ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்க் கறை வேறு. லேமினேட் செய்யலாமா? – வாசகி, பெரம்பூர்

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க முடியாது. காலை வேளையில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் நோட்டை விரித்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 300 டிபிஐ தெளிவில் எடுங்கள். வெற்றுப் பக்கம், பால் கணக்கு, ஓரத்தில் கிறுக்கிய தொலைபேசி எண் எதையும் விடாதீர்கள். அச்செடுத்த நகல் சமையலறையில் இருக்கட்டும். மூல நோட்டு பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கட்டும். மை ஊற்றும் பேனாவால் எழுதியிருந்தால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, எழுத்து ஓடிவிடும்.

அளவுக்கு வருவோம். சென்னைப் பக்கத்துக் கணக்கில் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336, உரி 672, படி 1,344 மில்லி. எடையில் ஒரு பலம் 35 கிராம், ஒரு வீசை 40 பலம், அதாவது 1.4 கிலோ. ‘ரூபாய் எடை’ என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம், மூன்று ரூபாய் எடை ஒரு பலம். இன்றைய நாணயத்தைத் தராசில் வைத்தால் கணக்கு தவறிவிடும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. படியும் ஆழாக்கும் கொள்ளளவு, எடை இல்லை. ஒரு படி அரிசி ஒரு கிலோவைத் தாண்டும். அதே படியில் மல்லி அரைக் கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ‘தனியா 1 படி, மிளகாய் 20 பலம்’ என்று இருந்தால், தனியாவைப் பாத்திரத்தில் அளந்து, மிளகாயைத் தராசில் 700 கிராம் போட வேண்டும். இரண்டையும் எடையாக மாற்றிக்கொண்டு ‘பாட்டியின் குழம்புப்பொடி மணம் வரவில்லை’ என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

ஊருக்கு ஊர் படி மாறும் என்பதால், பாட்டி புழங்கிய ஆழாக்கோ டம்ளரோ வீட்டில் இருக்கிறதா என்று பரணில் தேடுங்கள். வெற்றுப் பாத்திரத்தை எடை போட்டு, தலை தட்டத் தண்ணீர் ஊற்றி மறுபடி போடுங்கள். கூடுகிற கிராம்தான் அதன் மில்லி.

‘சிட்டிகை’, ‘கைப்பிடி’, ‘கண்ணளவு’ இவற்றுக்கு அட்டவணை கிடையாது. பாட்டியோடு சமைத்துப் பழகிய அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் அவரைச் சமைக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி ‘எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள்; கேட்டால் கை தயங்கி அளவு மாறிவிடும். பெருங்காய டப்பா, புளி டப்பா, உப்பு ஜாடி எல்லாவற்றையும் முன்னாடியே எடை போட்டு வைத்து, சமைத்து முடித்த பிறகு மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அந்தக் கையின் அளவு. பெருங்காயத்துக்கு மட்டும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தேவைப்படும்.

அப்பா அம்மா கல்யாணப் படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படிப் பிரிப்பது? – வாசகர், ராயபுரம்

பிரிக்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு காய்ந்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்து புது அச்சு எடுங்கள். அதை மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டைச் சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இல்லாததால்தான் இது நடந்தது.

அப்பா விட்டுப்போன 700 புத்தகங்கள். இராமபாணப் பூச்சி விழுந்துவிட்டது. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. – வாசகி, மேற்கு மாம்பலம்

எடைக்குப் போடுவது கடைசி முடிவாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐம்பது என்று எடுத்தால் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை கையில் தொட்டுப் பார்த்துவிடலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைத்தால் மதியத்துக்கு மேல் பார்க்காமலே தள்ளிவிடுவீர்கள்.

பூச்சியை முதலில் கவனியுங்கள். வெயிலில் காய வைப்பது நம் வீடுகளின் பழக்கம். ஆனால் நேர் வெயில் தாளைப் பழுப்பாக்கும், முதுகுப் பசையை நொறுக்கும். முட்டைகள் தப்பிவிடவும் கூடும். பாதிப்புள்ள புத்தகங்களை ஐந்தாறாக பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். உடனே பிரித்தால் சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்த்து நிற்கும். பூச்சி போய்ப் பூஞ்சை வரும். பிறகு மென்மையான பிரஷால் கட்டுமானத்தின் இடுக்கைத் தட்டுங்கள். பூச்சி தின்பது அங்கே இருக்கும் மாவுப்பசையைத்தான். பளபளப்புத் தாளில் அச்சான புத்தகங்களையும் புகைப்பட ஆல்பங்களையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

வேப்பிலை, வசம்பு வைக்கலாம். நன்றாகக் காய்ந்து துணிமுடிச்சில் இருக்க வேண்டும். பச்சை இலையின் சாறு தாளில் இறங்கினால் அந்தக் கறை போகாது. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர் ஈரம் குடித்து நிற்கும் ஊர் இது. கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் வேண்டாம். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் பசை மட்டும் எழுத்தின் மேல் தங்கிவிடும்.

இனி எதை வைத்துக்கொள்வது? அப்பாவின் எழுத்து ஓரத்தில் இருக்கும் புத்தகம் ஒன்றுகூட வெளியே போக வேண்டாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி பைண்டு செய்தவை இருந்தால் ஓவியங்களோடு பத்திரப்படுத்துங்கள். பின்னால் நூலாக வந்த பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் கிடையாது. சிறுபத்திரிகைகள், 1950-க்கு முந்திய பதிப்புகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், நோட்டீஸ்கள் எல்லாம் தனிக் கட்டாகட்டும். பக்கங்களுக்குள் கடிதமோ ரசீதோ இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாக உதறாமல் விரலால் புரட்டிப் பாருங்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதென்றால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் பட்டியலை அனுப்புங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கும் போதும். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-ல் உருவானது. அவர் சேர்த்தவற்றில் நாவல், நாடகம் மட்டுமல்ல, துண்டறிக்கைகளும் இருந்தன. அவை சிதறாமல் ஒரே இடத்தில் காப்பாற்றப்பட்டதால்தான் இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. உங்கள் அப்பா ஒரே துறையில் ஐம்பது, நூறு என்று சேர்த்திருந்தால் அதைப் பிரிக்காமல் ஒரு கட்டாகக் கொடுக்கப் பாருங்கள். எல்லோரிடமும் இருக்கும் புத்தகங்களைத் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகளில் விசாரியுங்கள். அங்கே அவை படிக்கிறவர் கைக்குப் போகும். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதைத் தம்பி எடைக்குப் போடட்டும்.

அம்மாவின் நூல் புடவைகள் எட்டு இருக்கின்றன. கிழித்துப் பின்னி மிதியடி செய்யலாமா? – வாசகி, வில்லிவாக்கம்

மிதியடி செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. செய்த பிறகு அதில் கால் வைக்க உங்களுக்கே மனம் ஒப்பாது, சுருட்டி வைத்துவிடுவீர்கள். போர்வையாகத் தையுங்கள்.

ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். இடுப்பில் சொருகும் பகுதி, குதிகால் உரசும் கீழ்க்கரை, தோளில் பின் குத்தும் இடம் மூன்றும்தான் முதலில் நைந்திருக்கும். இரண்டு பெருவிரலாலும் பிடித்து லேசாக இழுங்கள். ‘பர்ர்’ என்று இழை விட்டால் அந்தப் பகுதி உள்ளடுக்குக்கு. ஃபாலைப் பிரித்துவிட்டு, வெந்நீரில் அலசிக் காய வைத்து, இஸ்திரி போடுங்கள்.

ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக மடித்தால் இரண்டே முக்கால் மீட்டர். அப்படி இரண்டு புடவைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நாலு அடுக்கு. நீளத்தை இரண்டேகால் மீட்டருக்கு வெட்டி ஓரம் மடித்தால் ஒரு ஆள் போர்த்திக்கொள்ளலாம். தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். இது பிறகு பிரிக்க வேண்டியது. அதன் பின் இரண்டு அங்குல இடைவெளியில் கால் அங்குல ஓட்டுத்தையல், இதுவும் நடுவில் ஆரம்பித்து. ஓரத்தில் தொடங்கினால் அடியடுக்கு நடுவில் கொசுவமாகச் சேரும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியில்லை. பாலியஸ்டர் நூல் பழைய பருத்தியை அறுக்கும், பருத்தி நூலே எடுங்கள்.

நைந்த புடவையில் குழந்தைக்குத் தூளி கட்டவே கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி.

பாட்டி ஒயர் கூடை போடுவார். ஒன்பது வயதுப் பேத்தி இப்போது தானும் போட வேண்டும் என்கிறாள். எங்கே தொடங்குவது? – வாசகர், ஆதம்பாக்கம்

கூடையில் தொடங்காதீர்கள். பேனா வைக்கும் சின்னக் குடுவை போதும். சாதா முடிச்சு கை வந்த பிறகு நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் எல்லாம் பார்க்கலாம். இரண்டு நிற ஒயர் கொடுங்கள். ஒரே நிறமானால் எது எதன் மேல் போகிறது என்று குழந்தையின் கண்ணுக்குப் பிடிபடாது.

ஒயர் பாதியில் தீர்ந்துபோவதுதான் எல்லோருக்கும் நேரும் தவறு. ஒரு மீட்டர் துண்டில் பத்து முடிச்சு போடச் சொல்லி, எவ்வளவு ஒயர் செலவானது என்று அளந்து, மொத்த முடிச்சுக்குப் பெருக்கி, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் கூட்டி வெட்டுங்கள். அவளுக்கு அது நல்ல கணக்குப் பாடமும் ஆகும். எல்லா முடிச்சும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும்; ஒன்று மாறினால் அந்த வரிசை கோணலாகிவிடும். சுருள் நினைவு விடாத ஒயரை வெந்நீரில் சற்றுப் போட்டால் இளகும், அதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். முடித்த நுனியை மூன்று நான்கு முடிச்சுகளுக்குள் திருப்பிச் சொருகிய பிறகு வெட்டுங்கள். பாட்டி போட்ட கூடை ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தை அவளிடம் காட்டுங்கள். எங்கே தொடங்கினார் என்பது அங்கே தெரியும்.

அம்மாவின் தையல் மிஷின் ஒன்று, பெண்கள் மூன்று பேர். – வாசகி, அண்ணா நகர்

பதினாறாம் நாள் காரியத்தோடு சேர்த்து இதைப் பேசி முடிக்காதீர்கள்; எல்லோரும் களைத்திருக்கும் நேரம் அது. மாதம் கழித்து மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து, அம்மாவின் பொருள்களில் தனக்கு மிகவும் வேண்டிய மூன்றைத் தனித்தனியே எழுதிக் காட்டுங்கள். எழுதிப் பார்த்தால் மோதல் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். மிஷின், தைக்கிறவருக்கு. கத்தரிக்கோல், அளவு நோட்டு, பட்டன் டப்பா மற்ற இருவருக்கு. நீண்ட நாள் ஓடாத மிஷினின் சக்கரத்தை வேகமாகத் திருப்பாதீர்கள். எண்ணெய்த் துளைகளில் மிஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டு, காலையில் கையால் மெல்லச் சுற்றுங்கள்.

அம்மா போன பிறகு அப்பா பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லை. ஒரு நாள் விடாமல் படித்தவர். புத்தகம் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. வயது 74. – வாசகர், திருவான்மியூர்

முதலில் கண் பரிசோதனை. இந்த வயதில் புரை வளர்ந்திருக்கலாம். துக்கத்தில் இருப்பவர் ‘கண் தெரியவில்லை’ என்று சொல்லாமல் ‘பிடிக்கவில்லை’ என்றுவிடுவார். சாப்பாடும் தூக்கமும் குறைந்து, எடை இறங்கி, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வந்தால் அது படிப்பைப் பற்றிய கேள்வி இல்லை. அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இவை இல்லை என்றால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் தனியாகவா படித்தார்? நாற்பது ஐம்பது வருடம் ‘இதைக் கேட்டியா’ என்று அடுக்களையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் படித்தவர்களுக்கு, போனது படிக்கும் ஆசை இல்லை, கேட்கும் ஆள். அதனால் அவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுவதைவிட, உங்களுக்கு அவரை வாசிக்கச் சொல்வது பலிக்கும்.

தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம். நிதானமாக வாசித்தால் ஒரு பத்திரிகைத் துணுக்கும் சின்னக் கட்டுரை ஒன்றும் முடியும். புத்தகமாகக் கொடுக்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துக் கொடுங்கள். முழுப் புத்தகம் இப்போது அவருக்கு மலை. மரண அறிவிப்புப் பக்கத்தைத் தள்ளி வையுங்கள். விளக்கு பின்னாலிருந்து இடது தோளுக்கு மேலாக வெளிச்சம் தரட்டும், தலைக்கு நேர் மேலே இருந்தால் தாளில் நிழல் விழும். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம், கருத்துக் கேட்க வேண்டாம். நடுவில் குரல் அடைத்து நின்றால் நின்றபடி இருக்கட்டும், தாளை வாங்கிக்கொள்ளாதீர்கள். நீங்களும் கைகட்டி எதிரே உட்கார வேண்டாம், பரீட்சை மாதிரி ஆகிவிடும். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது என்று சத்தமில்லாத வேலை ஒன்றை அந்த நேரத்துக்கு எடுத்து வையுங்கள். மிக்ஸி பிறகு ஓடட்டும்.